ஒஸ்திரியாவின் அணுமின் வாக்கெடுப்பும் அதன் பின்விளைவுகளும்

ஒஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவுக்கு மேற்கே, தன்யூப் நதியின் தென்கரையிலே, சுவெண்டெண்டோர்ப் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்ப்புறத்தே 110 மீற்றர் உயரமுள்ள புகைபோக்கியுடன் ஓர் அணுமின் நிலையம் நிற்கின்றது. அணு உலை, நீராவிச் சுழலி, மின்னாக்கி, கட்டுப்பாட்டறை ஆகிய யாவும் அதன்கண் முற்றாக அமைக்கப்பட்டன. எனினும், அவ்வுலை ஒரு நாளேனும் இயங்கியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆந் திகதி ஒஸ்திரிய மக்கள் அளித்த வாக்கே அதற்குக் காரணமாகும்.

அணுசக்தியை ஏற்பதா, அன்றி வேறு வழிகளை நாடுவதா என்னும் வாதம் கடந்த எழுபது ஆண்டுகளாகப் பல நாடுகளிலே நிகழ்ந்து வருகின்றது. பெரும்பாலான நாடுகளில் அரசாங்கமும் நிபுணருமே முடிவு செய்தனர். ஒஸ்திரியாவிலோ, கட்டி முடிந்த நிலையமொன்றைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, குடிமக்கள் அனைவரும் அவ்வினாவுக்கு விடையளித்தனர். ஆயின், அணுசக்தி வேண்டாம் என்றுரைத்த நாடு, மின்சாரம் வேண்டாம் என்று உரைத்ததன்று. “வேறென்ன வேண்டும்?” என்னும் இரண்டாம் வினா அவ்வாக்குச் சீட்டிலே இடம்பெறவில்லை. அதற்குரிய விடையைத் தேடுவதிலேயே பின்வந்த காலம் முழுவதும் கழிந்தது. அவ்வரலாற்றை முறையாக நோக்குதல், இவ்வாதத்தின் இயல்பை உணர்தற்குப் பெரிதும் துணைபுரியும்.

ஒஸ்திரியா மலைகளும் ஆறுகளும் நிறைந்த நாடு. இரண்டாம் உலகப் போரிலே சிதைவுற்ற அந்நாடு, 1947ஆம் ஆண்டில் மின்துறையைத் தேசியமயமாக்கி, நீர்வலுவைக்கொண்டே தன் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்ப முனைந்தது. அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள கப்ரூன் மின் நிலையம் 1955ஆம் ஆண்டு நிறைவெய்தியது. நான்கு வல்லரசுகளின் படைகள் நாட்டைவிட்டு நீங்குதற்கு வழிவகுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும் அவ்வாண்டிலேயே. ஆதலின், கப்ரூன் அணை புதிய ஒஸ்திரியாவின் சின்னமாகவே போற்றப்பட்டது. நாசி ஆட்சிக் காலத்திலே அவ்வேலையைத் தொடக்கியபோது போர்க்கைதிகளும் கட்டாய உழைப்பாளரும் அங்கே வருத்தப்பட்டமை நெடுங்காலம் பேசப்படாதிருந்தது. 1959ஆம் ஆண்டு தன்யூப் நதியில் இப்ஸ்-பெர்சன்போய்க் நிலையம் நிறைவுற்றது. அதன் பின்னர் அந்நதியில் ஒன்றன்பின் ஒன்றாக மின் நிலையங்கள் எழுந்தன.

நீர்வலுவுக்கு ஒரு குறை உண்டு. கோடையிலே மலைப்பனி உருகுதலால் ஆறுகள் பெருகும். மாரியிலே நீர் உறைதலால் அவை சுருங்கும். மக்களுக்கு வெப்பமும் வெளிச்சமும் மிகுதியாகத் தேவைப்படுவதோ மாரிக்காலத்திலே. பத்தாண்டுக்கு ஒருமுறை மின்தேவை இரு மடங்காகும் என்று அக்காலத்து மின்துறையினர் கணித்தனர். மாரி வறட்சியை ஈடுசெய்யவும், பெருகும் தேவையை நிறைவேற்றவும் அணுசக்தியே ஏற்றது என்பது அவர்தம் முடிபாயிற்று.

அணுவாராய்ச்சியில் வியன்னா நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1938ஆம் ஆண்டு இறுதியிலே பெர்லினில் ஒட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் கண்ட வியத்தகு விளைவை, யுரேனிய அணுக்கருவின் பிளவு என்று விளக்கியவர்கள் லீசா மைட்னரும் அவர்தம் சகோதரி மகனாகிய ஒட்டோ பிரிஷும் ஆவர். இவ்விருவரும் வியன்னாவிற் பிறந்தவர்கள். நாசிகளின் கொடுமையால் அந்நிய நாடுகளில் வாழ்ந்தவர்கள். 1957ஆம் ஆண்டு சர்வதேச அணுசக்தி நிறுவனம் தன் தலைமையகத்தை வியன்னாவில் அமைத்தது. 1960ஆம் ஆண்டில் சைபெர்ஸ்டோர்பிலும், 1962ஆம் ஆண்டில் வியன்னாவிலும் ஆராய்ச்சி உலைகள் இயங்கத் தொடங்கின. அணுசக்தி அந்நாட்டுக் கல்விமான்களுக்கு அச்சந்தரும் பொருளாகவன்றி, அறிவின் வெற்றியாகவே அந்நாளில் தோன்றியது.

இச்சூழ்நிலையிலே 1972ஆம் ஆண்டு சுவெண்டெண்டோர்பிலே கட்டட வேலை தொடங்கியது. நாட்டின் தலைமை மின் நிறுவனமும் மாகாண மின் நிறுவனங்களும் கூட்டாக இம்முயற்சியில் இறங்கின. ஏறக்குறைய 700 மெகாவாற்று வலுவுடைய கொதிநீர் உலை அங்கே அமைக்கப்பட்டது. மறு ஆண்டிலே எண்ணெய் நெருக்கடி உலகை வாட்டியது. ஒஸ்திரிய அரசாங்கம், ஒவ்வொரு மோட்டார் வண்டிக்காரரும் வாரத்தில் ஒரு நாள் வண்டியோட்டாதிருத்தல் வேண்டும் என 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே கட்டளையிட்டது. வெப்பமூட்டும் எண்ணெயை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பாடசாலைகள் ஒரு வாரம் மூடப்பட்டன. அவ்விடுமுறை பின்னர் நிலைபெற்று, “சக்தி விடுமுறை” என்னும் பெயரோடு மாணவர் வழக்கில் வழங்கலாயிற்று. 1976ஆம் ஆண்டின் சக்தித் திட்டம் மூன்று அணுமின் நிலையங்களை எதிர்நோக்கியது.

அணுசக்தியை ஆதரித்தோரின் வாதங்கள் வலிமையற்றவையல்ல. அந்நிய எண்ணெயிலும் நிலக்கரியிலும் தங்கியிருக்கும் நாடு தன் சுதந்திரத்தின் ஒரு பகுதியை அடகு வைத்த நாடாகும் என்றனர். சிறிதளவு எரிபொருள் பேரளவு மின்சாரத்தைத் தரும், புகையில்லை, தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளருக்கும் நிலையான வேலை கிட்டும் என்றனர். பிற துறைகளில் முரண்பட்டு நின்ற முதலாளிமார் சங்கமும் தொழிற்சங்கக் காங்கிரசும் இவ்வொரு விடயத்தில் ஒன்றுபட்டு நின்றமை குறிப்பிடத்தக்கது.

எதிர்த்தோர் ஒரே கூட்டத்தினரல்லர். இயற்கைப் பாதுகாவலர், மாணவர், விஞ்ஞானிகள், தாய்மார், விவசாயிகள், இடதுசாரிகள், பழமை பேணுவோர் எனப் பலதிறத்தாரும் அவருள் அடங்குவர். மேற்கெல்லையிலுள்ள போரார்ல்பெர்க் மாகாணத்தவர், சுவிற்சர்லாந்து தன் எல்லையோரத்திலே கட்டத் திட்டமிட்டிருந்த அணுமின் நிலையத்தை எதிர்த்து முன்னரே போராடியவர்கள். விபத்து நேரின் அடர்ந்த மக்கட்டொகையுடைய வியன்னாவின் கதி யாது என்பது ஒரு வினா. கழிவை எங்கே வைப்பது என்பது அதனினும் பெரிய வினா. அணு உலைக் கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 என்னும் பொருள் தன் கதிர்வீச்சிற் பாதியை இழத்தற்கே ஏறக்குறைய 24,000 ஆண்டுகள் செல்லும். நாட்டின் வடபாலுள்ள வால்ட்பியர்ட்டல் மேட்டுநிலத்திலே கழிவைப் புதைக்கலாமோ என ஆராயப்பட்டபோது, அப்பகுதி விவசாயிகள் திரண்டெழுந்தனர். நிலையத்துக்கு இடம் கிடைத்தது. அதன் கழிவுக்கோ இடம் கிடைத்திலது.

சான்சலர் புரூனோ கிரைஸ்கியின் அரசாங்கம், மக்களின் ஐயத்தை நீக்கும் நோக்குடன், இருபக்க நிபுணரையும் பொது மேடைகளிலே வாதிடச் செய்தது. விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. கற்றறிந்த பௌதிகவியலாளர் இருவர் ஒரே மேடையில் நேர்மாறாகப் பேசக் கேட்ட மக்கள், நிபுணர் சொல்லே முடிந்த முடிபு என்னும் நம்பிக்கையை இழந்தனர். சான்சலரின் சொந்த மகனாகிய பீட்டர் கிரைஸ்கியே எதிரணியில் நின்றார். 1978ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எரிபொருட் கோல்கள் ஹெலிகொப்டர் மூலம் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. எதிர்க்கட்சியாகிய மக்கள் கட்சி, அணுசக்தியை அடியோடு மறுக்காவிடினும், பாதுகாப்புப் பற்றிய ஐயங்களை எழுப்பி ஒதுங்கிக்கொண்டது. தனியே பொறுப்பேற்க விரும்பாத அரசாங்கம், அவ்வாண்டு ஜூன் மாதத்திலே சர்வசன வாக்கெடுப்பு நடத்த முடிவு செய்தது.

வாக்கெடுப்புக்கு முன்னர், முடிவு தமக்கு மாறாயின் தாம் பதவி துறத்தலும் கூடும் எனக் கிரைஸ்கி குறிப்பாகத் தெரிவித்தார். இதனால் அணு உலை பற்றிய வினாவோடு, ஆட்சி பற்றிய வினாவும் கலந்துவிட்டது. சான்சலரை வீழ்த்தும் வேட்கையாலும் சிலர் “இல்லை” என வாக்களித்தனர். நவம்பர் 5ஆந் திகதி வாக்குரிமையுடையோரில் நூற்றுக்கு 64 பேரளவில் வாக்களித்தனர். எதிராக 50.47 வீதமும், ஆதரவாக 49.53 வீதமும் கிடைத்தன. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளிலே வேறுபாடு முப்பதினாயிரத்தையும் எட்டவில்லை. போரார்ல்பெர்க் மாகாணத்திலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் எதிர்த்தனர்.

இத்துணைச் சிறு வேறுபாட்டைக் காரணங்காட்டி முடிவைத் தட்டிக்கழிக்க எவரும் முனைந்திலர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே, மக்களின் வாக்கின்றி ஒஸ்திரியாவில் அணுப்பிளவினால் மின்னுற்பத்தி செய்தலாகாது என்னும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. கிரைஸ்கி பதவி துறக்கவுமில்லை. 1979ஆம் ஆண்டு மே மாதப் பொதுத் தேர்தலிலே அவர் கட்சி 51 வீத வாக்குகளைப் பெற்று, தன் வரலாற்றிலேயே மிகப்பெரிய வெற்றியை ஈட்டியது. அத்தேர்தலுக்குச் சில வாரங்களின் முன்னர், மார்ச் 28ஆந் திகதி, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அணு உலையின் உட்கரு பகுதியளவில் உருகியது. “இல்லை” என்றோரின் அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதற்கு அது சான்றாயிற்று.

எனினும், வாதம் ஓயவில்லை. 1980ஆம் ஆண்டில் நிலையத்தைத் திறத்தல் வேண்டும் எனக் கோரிய விண்ணப்பத்திலே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். எதிர் விண்ணப்பத்திலே ஒப்பமிட்டோர் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர். என்றேனும் ஒரு நாள் மக்கள் மனம் மாறுவர் என்னும் எண்ணத்தினால், ஊழியரை வைத்து, இயந்திரங்களைத் துடைத்து, நிலையம் பல ஆண்டுகள் பேணப்பட்டது. 1985ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் இறுதி முயற்சியும் தோல்வியுறவே, நிலையத்தைக் கலைக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் கதிர்வீச்சு மேகம் ஒஸ்திரிய நிலத்திலும் மழையோடு இறங்கியது. மேற்கைரோப்பாவிலே பெரிதும் பாதிக்கப்பட்ட நாடுகளுள் அதுவும் ஒன்றாயிற்று. அதன் பின்னர் சுவெண்டெண்டோர்ப் உலையை மூட்டுதல் பற்றி எக்கட்சியும் பேசத் துணியவில்லை.

இதுகாறும் கூறியவை யாவும் முதலாம் வினாவின் வரலாறு. இனி இரண்டாம் வினாவை நோக்குதல் தகும். அணு உலை இயங்காதாயின் அதற்குரிய மின்சாரம் எங்கிருந்து வரும்? முதல் விடை நிலக்கரி. மூடிய நிலையத்துக்கு அண்மையிலே, டியூர்ன்ரோர் என்னுமிடத்தில், ஏறக்குறைய அதே அளவு வலுவுடைய நிலக்கரி மின் நிலையமொன்று கட்டப்பட்டு, 1987ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியது. அணுமின்சாரத்தைக் கொண்டுசெல்ல அமைத்த மின்கம்பிகள் நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டுசென்றன. கந்தகத்தை அகற்றும் கருவிகள் அங்கே இருந்தன என்பது உண்மையே. ஆயினும், கரியமில வாயுவை அகற்றும் கருவி இருந்திலது. அணு உலை எழுப்பாத புகையை, அணு உலையை மறுத்த நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுப்பியது. இதே காலத்திலே, 1974ஆம் ஆண்டில் அணுசக்தி வழியைத் தேர்ந்த பிரான்சு, தன் மின்சாரத்திற் பத்தில் ஏழு பங்களவை நிலக்கரியின்றிப் பெற்றுக்கொண்டது என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது.

இரண்டாம் விடை நீர். வியன்னாவுக்குக் கிழக்கே, ஹைன்பர்க் நகருக்கு அண்மையிலே, தன்யூப் நதியை மறித்துப் பெரிய மின் நிலையமொன்றை அமைக்க அரசாங்கம் முடிவு செய்தது. அதற்காக அங்குள்ள பழமையான ஆற்றங்கரைக் காடுகளை அழிக்க வேண்டியிருந்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரிலே ஆயிரக்கணக்கானோர் அக்காட்டினுட் பாசறை அமைத்து மரம் வெட்டுவோரைத் தடுத்தனர். 19ஆந் திகதி பொலிசார் பலவந்தமாக அவர்களை அகற்ற முனைந்தபோது பலர் காயமுற்றனர். அன்று மாலை வியன்னா வீதிகளிலே பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். சான்சலர் பிரெட் சினோவாட்ஸ், நத்தார்ப் பண்டிகையை முன்னிட்டு வேலையை நிறுத்தினார். ஜனவரி மாதத் தொடக்கத்திலே நிர்வாக நீதிமன்றமும் காடழித்தலுக்குத் தடைவிதித்தது. விலங்கியலறிஞரும் நோபல் பரிசாளருமாகிய கொன்ராட் லோரென்ஸ் தம் பெயரை ஈந்த விண்ணப்பத்திலே மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அணை கைவிடப்பட்டது, 1996ஆம் ஆண்டு அக்காடு தேசிய வனமாயிற்று.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. அணு வேண்டாம் என்றோரிற் பலர் நீரும் வேண்டாம் என்றனர். இவர்கள் இருளையோ விரும்புகின்றனர் எனத் தொழிற்சங்கத்தவர் சினந்து வினவினர். அவ்வினா நியாயமற்றதன்று. காட்டைக் காத்தோரின் விடையும் நியாயமற்றதன்று. மின்சாரத்துக்கு மாற்று வழி உண்டு. அழிந்துபட்ட ஆற்றங்காட்டுக்கு மாற்று இல்லை என்பது அவர்தம் நிலை. புகையற்ற சக்தியும் எதையேனும் விலையாகக் கேட்கும் என்பதை ஹைன்பர்க் முதன்முதலாக நாடறியக் காட்டியது.

மக்கள் எதனையும் எதிர்ப்பவர்களே என்று முடிவு கட்டுதலும் பிழையாகும். 1991ஆம் ஆண்டு வியன்னா நகர மக்களிடம் இரண்டு வினாக்கள் விடுக்கப்பட்டன. உலகக் கண்காட்சியை நகரில் நடத்தலாமா என்பது ஒன்று. புரொய்டெனாவ் என்னுமிடத்தில் தன்யூப் நதியில் மின் நிலையம் கட்டலாமா என்பது மற்றொன்று. கண்காட்சியை அவர்கள் மறுத்தனர். மின் நிலையத்தை ஏற்றனர். முன்கூட்டியே உசாவப்பட்டு, நன்மை தீமைகளை எடைபோட இடமளிக்கப்பட்ட வழி, சுவெண்டெண்டோர்பின் பாடத்தைக் கற்ற வழியாகும். அந்நிலையம் 1998ஆம் ஆண்டு முழுமையாக இயங்கத் தொடங்கியது.

மூன்றாம் விடை, பிறரிடம் வாங்குதல். 1999ஆம் ஆண்டு அணுசக்தி மறுப்பை ஒஸ்திரியா அரசியலமைப்புச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. ஆனால், மின்கம்பிகள் எல்லையில் நின்றுவிடுவதில்லை. 2001ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்நாடு விற்ற மின்சாரத்தினும் வாங்கிய மின்சாரம் பெரும்பாலும் மிகுதியாகவே இருந்தது. வாங்கியதில் ஒரு பகுதி அயல்நாட்டு அணு உலைகளில் விளைந்தது. எல்லைக்கு அண்மையிலே செக் நாட்டார் டெமெலின் அணு உலையை 2000ஆம் ஆண்டில் மூட்டியபோது ஒஸ்திரியர் வீதிகளை மறித்துப் போராடினர். தன் வீட்டில் அடுப்பு மூட்டாது அயலார் சமைத்ததை உண்டுகொண்டே புகையைக் குறைகூறுதல் பொருந்துமோ என்று செக் மக்கள் நினைத்திருப்பின் வியப்பில்லை. இவ்விழுக்கை நீக்கும் பொருட்டு, 2015ஆம் ஆண்டு முதல் நுகர்வோருக்கு விற்கும் மின்சாரம் எவ்வழியில் விளைந்தது என்பதை முற்றாகச் சான்றுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நான்காம் விடை, எரிவாயு. அது பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022ஆம் ஆண்டு உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, ஒஸ்திரியா தன் எரிவாயுவில் ஐந்தில் நான்கு பங்களவை அந்நாட்டிலிருந்தே பெற்று வந்தது. டியூர்ன்ரோர் 2019ஆம் ஆண்டில் நிலக்கரியை நிறுத்தியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நாட்டின் இறுதி நிலக்கரி நிலையமாகிய மெல்லாக்கும் மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், மெல்லாக்கை மீண்டும் நிலக்கரியால் இயக்கலாமா என அரசாங்கம் எண்ணும் நிலை வந்தது. ஆயின், அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அந்நியப் பொருளில் தங்கியிருத்தல் பற்றி 1978ஆம் ஆண்டில் அணுசக்தி ஆதரவாளர் விடுத்த எச்சரிக்கை, நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் மெய்ப்பட்டது.

ஐந்தாம் விடை, காற்றும் சூரியனும். 1994ஆம் ஆண்டு முதல் கிழக்குச் சமவெளியிலே காற்றாலைகள் எழலாயின. இன்று அவை ஆயிரத்துக்கு மேற்பட்டுள்ளன. 2009ஆம் ஆண்டு சுவெண்டெண்டோர்ப் நிலைய வளவிலேயே சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2021ஆம் ஆண்டின் சட்டமொன்று, 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் ஓராண்டு மின்தேவை முழுவதையும் நீர், காற்று, சூரியன் முதலிய புதுப்பிக்கத்தக்க வழிகளாலே ஈடுசெய்தலை இலக்காக வகுத்தது. 1978ஆம் ஆண்டில் “வேறு வழியுண்டு” என்றோர் வெறுங்கனவு கண்டவரல்லர் என்பது இதனாற் புலப்படும். ஆனால், அவ்வழி பயன்தரத் தொடங்குதற்கு ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் சென்றது. அவ்விடைக்காலத்தை நிலக்கரியும் எரிவாயுவும் நிரப்பின.

இவ்வைந்தாம் விடையும் எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி, தென்பாலுள்ள காரிந்தியா மாகாணத்திலே, மலைகளிற் காற்றாலை அமைத்தலைத் தடைசெய்யலாமா என மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 51 பேருக்குச் சற்று மேற்பட்டோர் தடையை ஆதரித்தனர். அணு உலையைத் தடுத்த அதே சிறு வேறுபாடு, காற்றாலைக்கும் எதிராக எழுந்தது.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குவார்க்கு, ஒஸ்திரிய மக்கள் 1978ஆம் ஆண்டில் பிழை செய்தனர் என்றோ, தவறேதும் செய்திலர் என்றோ எளிதிற் கூறல் இயலாது. அன்று அவர்கள் எழுப்பிய கழிவு பற்றிய வினாவுக்கு அவ்வுலையை ஆதரித்தோரிடம் விடை இருக்கவில்லை. செர்னோபிலின் பின்னர் அவர்தம் எச்சரிக்கைக்கு மதிப்பும் கூடியது. அதே வேளையில், மறுத்தலோடு கடமை முடிந்தது என்று நாடு கருதியமையால், டியூர்ன்ரோரின் புகையும் ரஷ்ய எரிவாயுவின் பிணைப்பும் எவரும் வாக்களியாமலே வந்து சேர்ந்தன. அணு உலைக்கு வாக்கெடுப்பு நடந்தது, நிலக்கரிக்கு நடக்கவில்லை.

ஆகவே, சக்தி பற்றிய வாதத்தில் ஈடுபடும் எந்நாட்டாரும் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். அணு, நிலக்கரி, எரிவாயு, அணை, காற்றாலை ஆகிய ஒவ்வொன்றும் தன் விலையைக் கேட்கும். சில விலைகளை இன்றுள்ளோர் செலுத்துவர். சிலவற்றை அயலார் செலுத்துவர். சிலவற்றை இன்னும் பிறவாதோர் செலுத்துவர். மக்கள் முன் வைக்கப்படும் வினா, ஒரு பொருளை ஏற்பதா மறுப்பதா என்று மட்டும் அமையாது, அதன் இடத்தில் எது வரும், அதன் விலையை யார் செலுத்துவர் என்பதையும் உள்ளடக்கி அமையுமாயின், அவர்கள் அளிக்கும் விடை பின்வருவோர்க்கும் பயன்படும்.